துளையில்லாத தொட்டியில் செடியை நட்டுத் தருபவர்களிடம் கவனம்

வீட்டுக்கே வந்து தொட்டி மாற்றித் தருவதாகச் சொல்லும் நர்சரிக்காரர்களிடம் செடியை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் எங்கள் வீட்டு இசட்இசட் (ZZ) செடியை, பளபளப்பான இலைகள் கொண்ட அழகுச் செடியை, சாகும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"பழைய தொட்டி பத்தாது" என்று சொல்லி, அதைவிட மிகப் பெரிய பீங்கான் தொட்டியில் நட்டார்கள். அடியில் துளை இல்லையே என்று கேட்டதற்கு, "கீழே ஜல்லி போட்டிருக்கிறோம் மேடம், தண்ணீர் அதில் இறங்கிவிடும். தினமும் ஒரு குவளை ஊற்றுங்கள்" என்றார் வந்தவர். பச்சைப் பொய். வெளியேற வழியில்லாத நீர் ஜல்லியில் தேங்கி, மேலே உள்ள மண்ணைச் சேறாக்கும். இந்தச் செடியோ கிழங்கில் நீரைச் சேமித்துவைத்து வறட்சியைத் தாங்குவது. மண் உள்வரை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐப்பசி மழையில், ஈரக்காற்றில், அதற்குத் தினமும் தண்ணீரா?

இலைகள் மஞ்சளாகி, தண்டு அடியில் கொழகொழத்தது. அழைத்துக் கேட்டால், "தொட்டி மாற்றினால் அப்படித்தான் வாடும், கூடுதலாக நீர் விடுங்கள்" என்று சொல்லி ஒரு டானிக்கையும் விற்றார்கள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான். காற்றில்லாமல் வேர் அழுகினாலும் செடி வாடும். அப்போது நீரும் உரமும் கொடுப்பது அதன் கழுத்தை நெரிப்பது.

டானிக்கைத் தொடாமல் செடியை வெளியே எடுத்தேன். புளித்த நாற்றம். 'சிறப்புக் கலவை' என்று பணம் வாங்கியது வெறும் தென்னைநார்த் தூளும் களிமண்ணும். வேர்களைக் கழுவி, தொட்டால் தோல் உரிந்து நூலாக வந்தவற்றையும், கிழங்கில் மெத்தென்றிருந்த பகுதிகளையும் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்தேன். வெட்டிய இடம் நிழலில் காய்ந்த பிறகே, துளையுள்ள சிறிய மண்தொட்டியில், தோட்டமண்ணோடு ஆற்று மணலும் பெர்லைட்டும் (நீர் தேங்காமல் இருக்க மண்ணில் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்கள்) தாராளமாகக் கலந்து நட்டேன். உடனே தண்ணீர் விடவில்லை. உரமும் இல்லை. வெளிச்சமான ஜன்னலருகே, நேர் வெயில் படாமல் வைத்திருக்கிறேன். இரண்டு தண்டுகள் தப்பின; ஒன்றில் புதிய குருத்து வந்திருக்கிறது.

பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். ரசீது கையில் இருப்பதால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யப் போகிறேன். நீங்களும் ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நடுவதற்கு முன்பே தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.