ஆட்டோகேடில் சொந்த புல்டவுன் மெனு: எம்என்யு, லிஸ்ப், சியூஐஎக்ஸ் – எது தாங்கும்?

கடலூரில் டிராயிங் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வகை பிளான் தினமும் மேசைக்கு வரும். ஊருக்குள் என்றால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. முள்ளோடையைத் தாண்டிவிட்டால் புதுச்சேரியின் விதிகள் வேறு, அவர்கள் எதிர்பார்க்கும் ஷீட் வேறு. காலையில் ஒன்று, மதியம் இன்னொன்று என்று மாறி மாறிப் போடும் டிராஃப்ட்ஸ்மேன், தமிழ்நாட்டு டைட்டில் பிளாக்கை (ஷீட்டின் விவரக் கட்டத்தை) பாண்டி வேலையில் செருகிவிடுவது சகஜம். ‘மனை’ என்று ஒரு மெனு, அதற்குள் ‘தமிழ்நாடு’, ‘புதுச்சேரி’ என்று இரண்டு கிளை, ஒவ்வொன்றிலும் அதற்குரிய டைட்டில் பிளாக், லேயர், பரப்பளவு அட்டவணை என்று வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

அந்த மெனுவை எதில் எழுதுவது என்பதுதான் கேள்வி. வழிகள் மூன்று: எம்என்யு என்ற பழைய டெக்ஸ்ட் மெனுக் கோப்பு, ஆட்டோகேடுக்குள் ஓடும் லிஸ்ப் என்ற நிரல் மொழி, சியூஐஎக்ஸ் என்ற இன்றைய மெனுக் கோப்பு. நான் பார்ஷியல் சியூஐஎக்ஸ் பக்கம், அதாவது ஆட்டோகேடின் மெயின் கோப்பைத் தொடாமல் அதோடு இணைக்கும் தனிக் கோப்பு. மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடவும் முடியாது.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆட்டோகேட் 2009 பதிப்பில் ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்ததிலிருந்து மெனு பார் பல கம்ப்யூட்டர்களில் மறைந்தே இருக்கும். மெனுபார் என்ற சிஸ்டம் வேரியபிளை 1 ஆக்கினால் மேலே வந்துவிடும். ‘மெனு லோடாகவில்லை’ என்று வரும் புகார்களில் பாதி இதுதான். இன்னொன்று: கீழே தமிழ் எழுத்தில் காட்டியிருக்கும் மேக்ரோக்களை (மெனு வரியை அழுத்தினால் ஓடும் கட்டளைத் தொடர்களை) ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எம்என்யு பழைய வழி. நோட்பேடில் எழுதும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. மேலே ***மெனுகுரூப்= என்று ஒரு பெயர், கீழே ***பாப்1, அதன் கீழ் சதுர அடைப்புக்குள் லேபிள், லேபிளை ஒட்டி மேக்ரோ. [->தமிழ்நாடு] என்றால் துணை மெனு தொடங்கும், அதன் கடைசி வரியில் [<- என்று போட்டால் முடியும், [--] பிரிகோடு. இவ்வளவுதான் இலக்கணம். மெனு முழுவதையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம், பென் டிரைவில் எடுத்துப் போகலாம், போன மாதக் கோப்போடு வரி வரியாக ஒப்பிடலாம். இந்த வசதி பிறகு வந்த எதிலும் முழுசாக இல்லை.

ஆனால் 2006 பதிப்பிலேயே ஆட்டோகேட் சியூஐ என்ற எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாறிவிட்டது. 2010இல் அது படங்களையும் உள்ளே சுருட்டி வைக்கும் சியூஐஎக்ஸ் ஆனது. இப்போது எம்என்யுவைக் கொடுத்தாலும் அதை மாற்றித்தான் எடுத்துக்கொள்ளும். அதன்பின் எம்என்யுவில் ஒரு வரியைத் திருத்தினால் அது மெனுவில் தானாக வராது; மாற்றிய கோப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். டெக்ஸ்ட் கோப்பின் சுகமே போய்விடுகிறது. லேபிளைத் தமிழில் வைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: எம்என்யு, யூனிகோடுக்கு முந்தைய ஆன்சி எழுத்துக் குறியீட்டுக் காலத்துக் கோப்பு, விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட் பேஜே கிடையாது. சியூஐஎக்ஸ் யூனிகோட் என்பதால் ‘சுவர் லேயர்’ என்று தமிழிலேயே வைக்கலாம்.

இரண்டாவது, மெனுவையே லிஸ்ப்பால் கட்டுவது. விஎல்ஏ-ஆட், விஎல்ஏ-ஆட்மெனுஐட்டம் போன்ற ஆக்டிவ்எக்ஸ் ஃபங்ஷன்களால் ஆட்டோகேட் திறக்கும்போதே மெனுவை உருவாக்கி மெனு பாரில் செருகிவிடலாம். முந்தைய கட்டளையை ரத்து செய்ய மேக்ரோவின் தலையில் வரும் ^சி^சிக்குப் பதில் இங்கே (சிஹெச்ஆர் 3) இரண்டு முறை சேர்க்க வேண்டும். மறந்தால் முந்தைய கட்டளைக்குள்ளேயே அடுத்த கட்டளை போய் விழும். ஒரே ஒரு எல்எஸ்பி (லிஸ்ப்) கோப்பு, சியூஐ ஜன்னல் பக்கமே போக வேண்டாம் என்பதால் கோட் எழுதுபவர்களுக்கு இது பிடிக்கும்.

தொல்லை தினசரிப் பயன்பாட்டில் தெரியும். இந்த கோடை வழக்கமாக வைக்கும் ஏகேட்டாக்.எல்எஸ்பி ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் ஓடுகிறது. மெனு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் வரி இல்லாவிட்டால் இரட்டை மெனு வரும், அல்லது பிழைச் செய்தி வரும். யாராவது ஒர்க்ஸ்பேஸ் (எந்த மெனு, டூல்பார் தெரிய வேண்டும் என்று சேமித்து வைத்த அமைப்பு) மாற்றினால், அந்த ஒர்க்ஸ்பேஸின் பட்டியலில் இல்லாத மெனு காணாமல் போகும். தமிழ் லேபிள் வேண்டுமென்றால் லிஸ்ப்சிஸ் வேரியபிளோடு யூனிகோட் வந்த 2021 பதிப்பாவது இருக்க வேண்டும். டிராயிங்கைப் பொறுத்து மாறும் மெனு வேண்டும் என்றால், உதாரணமாக ஃபோல்டரில் இருக்கும் பிளாக்குகளைப் படித்து அதுவே பட்டியல் போட வேண்டும் என்றால், இதைவிட நல்ல வழி இல்லை. நிலையாக இருபது வரி மெனுவுக்கு இது தேவையில்லாத சுமை.

இனி பார்ஷியல் சியூஐஎக்ஸ். பராமரிப்புதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பலரும் செய்வது என்னவென்றால், சியூஐ ஜன்னலைத் திறந்து ஏகேட்.சியூஐஎக்ஸ் என்ற மெயின் கோப்பிலேயே மெனுவைச் சேர்ப்பது. அன்றைக்கு வேலை நடக்கும். அந்தக் கோப்பு ஒவ்வொரு யூசரின் ரோமிங் ஃபோல்டருக்குள், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கிறது. ஆறு சிஸ்டம் என்றால் ஆறு கோப்பு. டைட்டில் பிளாக் பெயர் மாறினால் ஆறு இடத்தில் திருத்த வேண்டும். ஆட்டோகேட் மக்கர் செய்து ‘ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்’ கொடுத்தால் மெனு போச்சு. புதிய பதிப்பு போட்டால் மைக்ரேஷனை நம்பிக்கொண்டு உட்கார வேண்டும்.

பார்ஷியல் கோப்பு தனியாக, சர்வரின் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும். மெயின் கோப்பு அதன் பாதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ரீசெட் ஆனாலும் பதிப்பு மாறினாலும் கோப்பை ஏற்றும் சியூஐலோட் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் மெனு திரும்பி வரும்.

செய்முறை: சியூஐ கட்டளை கொடுத்து டிரான்ஸ்ஃபர் டேபில் வலப்பக்கம் புதிய கோப்பு எடுத்து, மனை.சியூஐஎக்ஸ் என்று சர்வரில் சேமியுங்கள். கஸ்டமைசேஷன் குரூப் பெயர் தனித்துவமாக இருக்கட்டும். ஏற்கெனவே லோடான குரூப்பின் பெயரோடு மோதினால் லோடாகாது. பிறகு சியூஐலோட். கஸ்டமைஸ் டேபில் இந்தக் கோப்பைத் தேர்ந்து, மெனுஸ் மீது ரைட் கிளிக் செய்து புதிய மெனு, அதற்குள் இரண்டு துணை மெனு. கீழே கமாண்ட் லிஸ்ட்டில் புதிய கட்டளைகளை உருவாக்கி இழுத்துப் போடுங்கள். கடைசியாக, பயன்படுத்தும் ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸிலும் கஸ்டமைஸ் ஒர்க்ஸ்பேஸ் கொடுத்து இந்த மெனுவை டிக் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒர்க்ஸ்பேஸ் மாற்றியதும் லிஸ்ப் மெனுவுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

மேக்ரோவில் எவ்வளவு எழுதுவது என்பதில்தான் நல்ல மெனுவும் நாற மெனுவும் பிரிகின்றன. முழுவதையும் மேக்ரோவிலேயே எழுதலாம்:

^சி^சி_-லேயர்;_எம்;சுவர்;_சி;1;;;

கடைசியில் மூன்று அரைப்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று நிற எண்ணை ஏற்க, ஒன்று லேயர் பெயரை ஏற்க, ஒன்று கட்டளையை விட்டு வெளியேற. ஒன்று குறைந்தால் லேயர் கட்டளை திறந்தே கிடக்கும். டிராஃப்ட்ஸ்மேன் கோடு போட எல் அடித்தால் லைன்டைப் கேட்கும். மேக்ரோவில் ஸ்பேஸும் என்டர்தான் என்பதால் இடைவெளி உள்ள பிளாக் பெயர் பாதியில் முறியும். பாதையில் \ போட்டால், அது மேக்ரோவில் ‘பயனர் உள்ளீட்டுக்குக் காத்திரு’ என்று பொருள். கட்டளை நின்று விழிக்கும். பாதைக்கு / தான். இன்சர்ட், லேயர் முன்னால் கழித்தல் குறி இல்லாவிட்டால் டயலாக் பாக்ஸ் திறந்து மேக்ரோ அங்கேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் சியூஐ ஜன்னலின் ஒற்றை வரிப் பெட்டிக்குள் திருத்துவது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. அதனால் மேக்ரோவில் ^சி^சிமனைடிஎன் போல ஒரு கட்டளைப் பெயர் மட்டும். வேலை முழுவதும் லிஸ்ப்பில். சியூஐஎக்ஸ் பெயரிலேயே மனை.எம்என்எல் என்ற கோப்பு பக்கத்தில் இருந்தால் ஆட்டோகேட் அதைத் தானே லோட் செய்யும், அதற்குள் மனை.எல்எஸ்பியை அழைக்கும் ஒரு வரி போதும். இனி பாண்டி ஷீட்டின் அளவு மாறினாலும் லேயர் நிறம் மாறினாலும் நோட்பேடில் எல்எஸ்பியை ஒரு இடத்தில் திருத்தினால் போதும். ஆட்டோகேடை மூடித் திறந்ததும் எல்லா சிஸ்டத்துக்கும் போய்ச் சேரும். எம்என்யுவில் இருந்த டெக்ஸ்ட் வசதியும் கிடைத்துவிடுகிறது, சியூஐஎக்ஸ் கோப்பை மாதக்கணக்கில் திறக்கவே தேவையிருக்காது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. ஷேர்டு ஃபோல்டரை ஆப்ஷன்ஸில் சப்போர்ட் பாதையிலும் டிரஸ்டட் லொக்கேஷனிலும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் செக்யூர்லோட் என்ற பாதுகாப்பு வேரியபிள் வந்த 2014 பதிப்பு முதல் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை ஜன்னல் வரும், யாராவது ‘லோட் செய்யாதே’யை அழுத்திவிட்டு மெனு வேலை செய்யவில்லை என்பார்கள். கரன்ட் போய் சர்வர் ஓடாமல் இருக்கும்போது ஆட்டோகேட் திறந்தால் மெனு இருக்காது. டிசம்பர் மழைக் காலத்தில் நம் பக்கம் இது சாதாரணம் என்பதால், லாகின் ஆகும்போது மூன்று கோப்பையும் லோக்கல் டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ஒரு பேட்ச் கோப்பு வைத்து, அங்கிருந்து லோட் செய்வது மேல். சியூஐஎக்ஸை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். ஆபீஸில் இரண்டு மூன்று பதிப்புகள் கலந்து ஓடினால் பதிப்புக்கு ஒரு சியூஐஎக்ஸ் நகல் வையுங்கள். எம்என்எல்லும் எல்எஸ்பியும் பொதுவாகவே இருக்கலாம்.

சியூஐலோடை ஸ்கிரிப்டில் கொடுப்பவர்கள் ஃபைல்டியா வேரியபிளை 0 ஆக்கிவிட்டு, முடிந்ததும் 1க்குத் திருப்ப மறப்பார்கள். அப்புறம் ஓபன் கொடுத்தால் ஜன்னல் வராமல் கமாண்ட் லைனில் பெயர் கேட்கும். மெனுவைத்தான் திட்டுவார்கள்.

பெரிய ஆபீஸ்களுக்கு என்டர்பிரைஸ் சியூஐஎக்ஸ் என்று இன்னொரு இடம் இருக்கிறது. யூசர் சியூஐ ஜன்னலில் அதைத் தொட முடியாது. பார்ஷியலை அதனடியில் கோத்துவிட்டால் யாரும் கழற்றவும் முடியாது. ஆனால் நாமே திருத்தவும் அதை மெயினாக மாற்றி வைத்துத் திறக்க வேண்டும். ஐந்தாறு சிஸ்டத்துக்கு இந்தக் கெடுபிடி வேண்டாம் என்பது என் கணிப்பு. இருபது முப்பது சிஸ்டம் என்றால் கணக்கு மாறலாம்.

என் பரிந்துரை செல்லாத இடங்கள் இரண்டு. சுருக்கப் பதிப்பான ஆட்டோகேட் எல்டியில் 2024 பதிப்பில்தான் லிஸ்ப் வந்தது. அதற்கு முந்தைய எல்டி என்றால் வேலை முழுவதையும் மேக்ரோவிலும், மேக்ரோவுக்குள் எழுதும் டீசல் என்ற சிறு மொழியிலும்தான் எழுத வேண்டும், மேலே சொன்ன அரைப்புள்ளிக் கணக்கோடு. மற்றது, விலைக்காக பிரிக்ஸ்கேட் என்ற, ஆட்டோகேட் போன்ற மென்பொருள் பக்கம் போகிற ஆபீஸ்கள். அது பழைய எம்என்யுவையும் ஏற்கும் என்பதால், பத்து வருடத்துக்கு முன் எழுதிய கோப்பு எங்காவது கிடந்தால் அழித்துவிடாமல் முதலில் அதை ஏற்றிப் பாருங்கள்.