லாரி ஃபோர்க்லிஃப்ட் ட்ரெயினிங்கில் 38,500 ரூபாய் போச்சு: கடலூர், பாண்டிச்சேரி ஆட்கள் கவனம்

நேற்று பாண்டிச்சேரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். ராத்திரி தூக்கம் இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றால், அதற்குள் 'விடு, நம்ம தலையெழுத்து' என்று நானே சமாதானம் ஆகிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். ட்ரெயினிங் தேடுகிறவர்கள் என்னென்ன பார்த்துச் சேர வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குக் கடலூர் முதுநகர். பதினோரு வருடமாக டாரஸ் லாரி ஓட்டுகிறேன். மனைவியின் தம்பி துபாயில் இருக்கிறான். அவன்தான் போன் செய்தான். "மாமா, பில்டிங் மெட்டீரியல் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. லாரி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, மொஃபட் தெரிஞ்சிருக்கணும். சென்னையில டிரேடு டெஸ்ட் வைக்கறாங்க, வேலை தெரியுமான்னு பாக்கற டெஸ்ட்."

மொஃபட் என்பது அயர்லாந்தில் ஆரம்பித்த ஒரு கம்பெனியின் பெயர். போட்டோகாப்பி எல்லாவற்றையும் ஜெராக்ஸ் என்கிறோமே, அது மாதிரி லாரியில் மாட்டிக்கொண்டு போகிற ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபோர்க்லிஃப்ட் என்றால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபோர்க் என்ற இரும்புக் கரங்களால் லோடைத் தூக்கி இறக்குகிற வண்டி. இதற்கு மூன்று சக்கரம். லாரியின் பின்பக்கம் தொங்கிக்கொண்டே வரும். சைட்டுக்குப் போனதும் கீழே இறங்கி அதே லாரியின் லோடை இறக்கும், பிறகு தன்னைத்தானே தூக்கி லாரியில் மாட்டிக்கொள்ளும். லோடு இறக்க ஆளும் வேண்டாம், கிரேனும் வேண்டாம். நம்ம பக்கம் இது அபூர்வம். சிப்காட்டில் எத்தனையோ கம்பெனிக்கு லோடு அடித்திருக்கிறேன், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அபூர்வத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

போனில் தேடியதில் ஒரு வீடியோ வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ட்ரெயினிங் சென்டர். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீலாக இருக்கிற நண்பர் சொல்லிவிட்டார், அவர்கள் பதிலுக்கு என் மேலேயே கேஸ் போடுவார்களாம். வீடியோவில் அந்த மெஷின் ஜோராக செங்கல் பேலட் இறக்கிக்கொண்டிருந்தது. இப்போது திரும்பப் பார்த்தால்தான் தெரிகிறது, அந்த லாரியின் நம்பர் பிளேட் நம்ம நாட்டு நம்பர் பிளேட்டே இல்லை. பதினோரு வருடம் லாரி ஓட்டியவன் கண்ணில் அது படவில்லை பாருங்கள்.

முதல் நாள் போனேன். மாடியில் ஆபீஸ், பின்னால் தகர ஷெட். சுவரில் ஃபிரேம் போட்டு நாலைந்து சர்டிபிகேட். அதை நடத்துகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும், எல்லோரும் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீ வரவழைத்தார். என் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். "ஹெவி எந்த வருஷம் எடுத்தீங்க தம்பி?" என்றார். சொன்னேன். தன் அப்பாவும் கிளீனராக ஆரம்பித்து டிரைவர் ஆனவர்தான் என்றார். "உடனே பணம் கட்டாதீங்க. வீட்ல கலந்து பேசிட்டு வாங்க. நாங்க யாரையும் அவசரப்படுத்தறது இல்ல" என்றார். அவசரப்படுத்தியிருந்தால் நான் சுதாரித்திருப்பேன். பிறகு என் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டார். "புதன்கிழமை பெரிய மெஷினை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, நம்ம தம்பி ஒருத்தர் வர்றார்." அந்த 'நம்ம தம்பி'யில் நான் விழுந்துவிட்டேன். அந்தப் போனில் எதிர்ப்பக்கம் ஆள் இருந்தாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கட்டணம் 38,500 ரூபாய். மனைவி தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து, கையிலிருந்ததையும் போட்டு, 10,000 ஜிபேயில் அனுப்பினேன். போனது சென்டர் கணக்குக்கு இல்லை, ஒரு ஆளின் பெயருக்கு. மீதி 28,500 ரொக்கம். பில் கேட்டதற்கு "கோர்ஸ் முடிஞ்சதும் மொத்தமா தர்றேன் தம்பி" என்று விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையைப் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தேன், நோட்டு மாதிரி.

மூன்று நாள் ட்ரெயினிங். முதல் நாள் முழுக்க அதே வீடியோதான், டிவியில் பெரிதாகப் பார்த்தோம். இரண்டாம் நாள் ஷெட்டில் ஒரு பழைய மூன்று டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட், குடோனில் நிற்குமே அந்தச் சாதாரண வண்டி. பதினோரு பேருக்கு அது ஒன்றுதான். ட்ரம்முகளைச் சுற்றி ஓட்ட எனக்குக் கிடைத்தது இருபது நிமிஷம். பெரிய மெஷின் எங்கே அண்ணே என்று கேட்டேன். "திருச்சியில ஒரு சைட்ல மாட்டிக்கிச்சு தம்பி. எல்லாம் ஒண்ணுதான், ஃபோர்க் ஃபோர்க்குதான்." மூன்றாம் நாள் லேமினேட் செய்த சர்டிபிகேட் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன், அதுதான் கூடுதல் அவமானம்.

போன வியாழக்கிழமை சென்னையில் டிரேடு டெஸ்ட். டெஸ்ட் எடுத்தவர் வயதானவர், வளைகுடாவில் பல வருடம் இதே மெஷினை ஓட்டியவர். மெஷின் அங்கே இல்லை, முதலில் வாயால் கேட்டார்.

"லாரி நிக்குது. மெஷின் பின்னால தொங்குது. இறக்கணும். முதல்ல என்ன செய்வ?"

"ஸ்டார்ட் பண்ணுவேன் சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த கேள்வி. "ஃபோர்க்கை லாரி சேஸிஸ்ல இருக்கற பாக்கெட்ல விட்டாச்சு. இப்ப மெஷினை மேல தூக்கணும். லீவரை ஏத்தற பக்கம் போடுவியா, இறக்கற பக்கம் போடுவியா?"

தூக்கணும் என்றால் ஏத்தற பக்கம்தானே? அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். ஃபோர்க் லாரியில் மாட்டி நிற்கிறது, அது அசையாது. அதனால் ஃபோர்க்கை இறக்குகிற பக்கம் லீவரைப் போட்டால், மெஷின்தான் தரையை விட்டு மேலே எழும். கீழே வைக்க வேண்டுமென்றால் ஏத்தற பக்கம். எல்லாம் தலைகீழ். இது தெரியாதவன் முதல் நாளே காலை நசுக்கிக்கொள்வான் என்றார். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் லாரி சமதளத்தில், கெட்டியான தரையில் நிற்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா, சுற்றி ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு லைட் ஒயரைக் கழற்றி, செயினையும் லாக்கையும் எடுக்க வேண்டும். மெஷின் மட்டுமே இரண்டு டன்னைத் தாண்டுகிற மாடல்கள் இருக்கின்றன. அத்தனை எடையும் லாரியின் வாலில் தொங்கினால் முன் ஆக்சில் லேசாகி, ஸ்டியரிங் பிடிப்பு குறையும். லோடு இல்லாத லாரி என்றால் இன்னும் மோசம். இதையாவது டிரைவரான நானே யோசித்திருக்க வேண்டும்.

சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்பது அடிப்படைதான், அதற்கு மேல் அந்த மெஷினிலேயே தனியாகப் பழக வேண்டும், அப்புறம் வேலை செய்யும் சைட்டில் ஒருவர் கூட நின்று பழக்க வேண்டும் என்றார். துபாயில் ஃபோர்க்லிஃப்டுக்கு அங்கத்துப் போக்குவரத்துத் துறையான ஆர்டிஏ தனி லைசென்ஸே வைத்திருக்கிறதாம், இந்தப் பேப்பர் அதற்கு ஈடாகாதாம். "இதைக் காட்டி எவனாவது உன்னை மெஷின்ல ஏத்திட்டா அதுதான் ஆபத்து தம்பி." 38,500 ரூபாய்க்கு மூன்று நாளில் கிடைக்காத பாடம், அந்த மனிதரிடம் கால் மணி நேரத்தில் சும்மா கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சென்டருக்குப் போன் செய்தேன். அண்ணன் மீட்டிங்கில். சனிக்கிழமை, அண்ணன் வெளியூர். திங்கள்கிழமை என் நம்பர் என்றதும் எடுக்கவே இல்லை. மனைவி போனிலிருந்து கூப்பிட்டேன், உடனே எடுத்து "வணக்கம், சொல்லுங்க மேடம்" என்றார்கள். என் குரலைக் கேட்டதும் லைன் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

நேற்று நேரிலேயே போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வந்தது அதே ஆள்தான், ஆனால் இப்போது அவர் அண்ணன் இல்லை, நானும் தம்பி இல்லை. "மிஸ்டர், டெஸ்ட்ல நீங்க ஃபெயில் ஆனதுக்கு நாங்க என்ன பண்றது?" விண்ணப்பத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்து ஆங்கிலத்தில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது', கீழே என் கையெழுத்து. இதோடு நிற்கவில்லை. 12,000 ரூபாய்க்கு அட்வான்ஸ் கோர்ஸ் ஒன்று இருக்கிறதாம், பழைய மாணவன் என்பதால் எனக்கு இருபது சதவீதம் தள்ளுபடி! அதிலாவது மெஷின் உண்டா என்று கேட்டேன். பதில் இல்லை, போன் வந்துவிட்டது அவருக்கு.

நான் வெளியே வரும்போது நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையனும் அவன் அப்பாவும் உள்ளே போனார்கள். "சேராதீங்க ஐயா, மெஷினே கிடையாது" என்று சத்தமாகவே சொன்னேன். அந்த அப்பா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், அண்ணன் அந்தப் பையனின் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குக் கிளம்ப வேண்டும், சுருக்கமாகத்தான் முடியும். மெஷினை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், வீடியோ மெஷின் ஆகாது. லாரியில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். சுவரில் ஃபிரேமில் இருந்தது உத்யம் பதிவு, சிறுதொழில் நடத்துகிற எவரும் ஆன்லைனில் இலவசமாக எடுக்கிற பேப்பர். அதைத்தான் அரசு அங்கீகாரம் என்று நினைத்துக் கும்பிடு போட்டிருக்கிறேன். பில் இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930 நம்பருக்குப் போன் போடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. சென்டர் பாண்டிச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது என்று நண்பர் சொன்னார். போடப்போகிறேன். கையில் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டும் 10,000 ரூபாய்க்கு ஸ்க்ரீன்ஷாட்டும்தான், ஆனாலும் கேட்கப்போவது முழு 38,500.

நெல்லிக்குப்பம் தம்பி, இது உன் கண்ணில் பட்டால், இன்னும் பணம் கட்டவில்லை என்றால் அப்பாவிடம் காட்டு. கட்டிவிட்டாய் என்றால் எனக்கு எழுது. ஒரு ஆளாகப் போனால் மதிக்க மாட்டேன் என்கிறார்கள், சேர்ந்து போகலாம்.