தனியா மலையில பல நாள் நடக்க எது சரி: டிஎம்பி, ஜேஎம்டி, ஜிஆர் 20?

முதுகுல பையை மாட்டிக்கிட்டு உயரமான மலைக்குள்ள பத்து நாள், இருபது நாள்னு தனியா நடக்கணும்னு தேட ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப கண்ணுல படுறது மூணு பாதை. ஆல்ப்ஸ்ல மோன் பிளாங் மலையைச் சுத்தி வர்ற டூர் டு மோன் பிளாங் (டிஎம்பி), கலிஃபோர்னியா சியரா நெவாடாவுல இருக்குற ஜான் மியூர் ட்ரெயில் (ஜேஎம்டி), பிரான்ஸைச் சேர்ந்த கோர்சிகா தீவோட ஜிஆர் 20. மூணையும் ஒப்பிடுறவங்க பெரும்பாலும் எத்தனை கிமீ, எவ்வளவு ஏத்தம், எதுல காட்சி அழகுன்னுதான் பேசுறாங்க, அதெல்லாம் கூட்டமா போறவங்களுக்கு சரி. தனியா போறவங்களுக்கு என் கணக்குல கேள்வி ஒண்ணுதான்: நடுப்பாதையில கால் பிசகி உக்காந்துட்டா அடுத்த மனுஷன் வர எவ்வளவு நேரம் ஆகும், அங்கிருந்து கீழ இறங்க வழி இருக்கா. இதை வச்சுப் பாத்தா மூணும் மூணு உலகம்.

டிஎம்பி கிட்டத்தட்ட 170 கிமீ, மொத்தமா ஏறுறது 10,000 மீட்டர் பக்கம் வரும், பெரும்பாலானவங்க பத்து பதினோரு நாள்ல முடிக்கிறாங்க. லெ ஊஷ்ல ஆரம்பிச்சு பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்துன்னு மூணு நாட்டையும் தொட்டுட்டு திரும்ப அங்கேயே வந்து சேரலாம். கணவாய்கள் 2,500 மீட்டர் சுத்திதான், கோல் டெ லா சேன் 2,516, கிராண்ட் கோல் ஃபெரே 2,537, கஷ்டமான மாற்றுவழியில போனா 2,665 வரைக்கும் ஏறணும். அதனால உயரத்தால வர்ற தலைவலி, வாந்தி எல்லாம் இங்க பெரிய பிரச்சனை இல்ல. கூர்மாயூர், ஷம்பே, லெ கோந்தமின்னு ஊருங்க வந்துக்கிட்டே இருக்கும், உடம்புக்கு முடியலன்னா அன்னைக்கோ மறுநாளோ பள்ளத்தாக்குல இறங்கி பஸ் பிடிச்சுடலாம், தனியா போறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு முதல் தடவை போறப்போ புரியாது. சாயங்காலம் மலை விடுதியில படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும், கூட நாலு பேர் ஒரே மேசையில உக்காந்து நாளைக்கு மழை வருமா, எந்தப் பக்கம் பனி இன்னும் இருக்குன்னு பேசுவாங்க, வானிலை தகவல் அப்படியே காதுல விழும். டென்ட், அடுப்பு எதுவும் வேணாங்கிறதால பை 7, 8 கிலோவுல அடங்கிடும். பை லேசா இருந்தா முட்டி தப்பிக்கும், கால் தடுமாறுறதும் குறையும்.

குறைன்னு பாத்தா தனிமை கிடைக்காது, ஜூலை ஆகஸ்ட்ல கூட்டம் கூட்டமா போவாங்க. டென்ட் தூக்கிட்டுப் போய் கண்ட இடத்துல படுத்துக்கலாம்னு நினைச்சா அதுவும் நடக்காது. இத்தாலி பக்கம் ஆவோஸ்டா பள்ளத்தாக்குல 2,500 மீட்டருக்குக் கீழ கூடாரம் போடக்கூடாது, பிரான்ஸ் பக்கம் சில இடத்துல பொழுது சாஞ்சதுல இருந்து விடியுற வரைக்கும் மட்டும், சுவிஸ் பக்கம் கேம்ப்சைட்டைத் தேடிப் போறதுதான் வழி. இன்னொண்ணையும் மறந்துடாதீங்க, பிரான்ஸ்ல மலை மீட்புக்கு காசு வாங்க மாட்டாங்க, சுவிட்சர்லாந்துல ஹெலிகாப்டர் வந்தா பில் வரும், ஒரே பாதையில ஒரு கணவாயைத் தாண்டினா விதி மாறிடுது, அதனால மீட்புச் செலவையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்துட்டுத்தான் கிளம்பணும்.

ஜேஎம்டி முழுக்க வேற மாதிரி. யோசெமிட்டி பள்ளத்தாக்குல ஹேப்பி ஐல்ஸ்ல சுமார் 1,230 மீட்டர்ல ஆரம்பிச்சு 4,421 மீட்டர் உயர மவுண்ட் விட்னி உச்சியில முடியுது, 340 கிமீ, அதுக்கப்புறமும் ரோட்டுக்கு வர இன்னும் 17 கிமீக்கு மேல இறங்கணும். நடுவுல பாதையை எந்த ரோடும் வெட்டாத நீளம் ரொம்ப பெருசு, போன் சிக்னல் பெரும்பாலான இடத்துல சுத்தமா கிடையாது. தெற்கு நோக்கிப் போகப் போக கணவாய் ஒவ்வொண்ணும் பெருசு, மியூர் பாஸ் 3,644, மேதர் பாஸ் 3,688, கடைசியில ஃபாரஸ்டர் பாஸ் 4,009 மீட்டர். மியூர் பாஸ் மேல 1930-ல கட்டின ஒரு கல் குடிசை இருக்கு, அந்தப் பக்கம் இடி மின்னலுக்கு ஒதுங்க கூரைன்னு ஒண்ணு இருந்தா அது இதுதான்.

உண்மையான தனிமை வேணும்னா மூணுல இதுதான், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானதும் இதுதான், ஆனா தனியா போறவங்க மேல இது வைக்கிற பாரமும் அதிகம். கரடி எடுக்க முடியாத கெட்டியான டப்பாவுல சாப்பாடு வைக்கணுங்கிறது பாதையோட பெரும்பகுதியில கட்டாயம், அந்த டப்பா மட்டுமே கிட்டத்தட்ட ஒரு கிலோ. மியூர் ட்ரெயில் ராஞ்ச்ங்கிற விடுதிக்கு முன்கூட்டியே பக்கெட்ல சாப்பாடு அனுப்பி வச்சுக்கலாம், ஆனா அது பாதி தூரத்துல இருக்கு, அதுக்கப்புறம் மிச்ச 160 கிமீக்கு மேல கையில இருக்கிறதுதான், இல்லன்னா கியர்சார்ஜ் பாஸ் ஏறி வெளிய போய் வாங்கிட்டு திரும்ப ஏறி வரணும். எட்டு ஒன்பது நாள் சாப்பாடு ஒரே தடவை தூக்குறப்போ நாளைக்கு முக்கால் கிலோன்னு வச்சாலும் ஆறு ஏழு கிலோ கூடுது, அது அப்படியே முட்டியில இறங்கும்.

அடுத்தது ஆறு. பனி உருகுற ஜூன், ஜூலை ஆரம்பத்துல ஓடை எல்லாம் ஆறா மாறிடும், 2017-ல பனி அதிகமா பெஞ்ச வருஷம் சியராவுல நீண்டதூரம் நடந்தவங்க ரெண்டு பேர் ஆறு கடக்கிறப்போ அடிச்சுட்டுப் போய் இறந்தாங்க. ராத்திரி குளிர்ல உருகுறது குறையுறதால விடியக்காலையில தண்ணி கம்மியா ஓடும், சாயங்காலம் அதே இடத்துல இடுப்பளவு வந்துடும். கடக்குறப்போ பையோட இடுப்பு பெல்ட்டைக் கழட்டி விடணும், விழுந்தா பையை உதறிட்டு வரணும்ல. கூட ஆள் இருந்தா தோளைப் பிடிச்சுக்கிட்டு சேர்ந்து கடக்கலாம், தனியாளுக்கு ஊன்றுகோல்தான் துணை. சந்தேகமா இருந்தா அங்கேயே டென்ட் போட்டு படுத்து காலையில கடக்குறதுதான் சரி, அதுக்காக ஒரு நாள் சாப்பாடு கூடுதலா வச்சிருக்கணும்.

உயரத்தைப் பொறுத்தவரைக்கும் வடக்குல ஆரம்பிக்கிறது நல்லது, படிப்படியா ஏறுறதால உடம்பு பழகிடும். விட்னி பக்கம் இருந்து தலைகீழா போனா முதல் ரெண்டு நாள்லயே 4,000 மீட்டர், பழகாத உடம்புக்கு அது ஆபத்து. மலை நோய் முத்துனா நடை தள்ளாடும், பேச்சு குழறும், அதைப் பாத்து கீழ இறங்கச் சொல்ல பக்கத்துல யாரும் இல்ல. அதனாலதான் தலைவலி கூடினா மேல ஏறக்கூடாதுங்கிறதை தனியா போறவங்க வீட்டுலயே முடிவு பண்ணிட்டு வரணும், மேல போய் யோசிக்கிற மூளை அப்போ நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது.

ஜேஎம்டிக்கு சாட்டிலைட் கருவி இல்லாம தனியா போகாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல. பிஎல்பின்னு சொல்ற கருவி 406 மெகாஹெர்ட்ஸ்ல காஸ்பாஸ்-சார்சாட்ங்கிற சர்வதேச சாட்டிலைட் மீட்பு அமைப்பு வழியா நேரா மீட்புக்குழுவுக்கு சிக்னல் அனுப்பும், சந்தா கிடையாது, ஆனா என்ன ஆச்சுன்னு சொல்ல முடியாது. இருவழி மெசேஜ் கருவிக்கு மாசச் சந்தா கட்டணும், ஆனா "கால் உடைஞ்சிருக்கு, தண்ணி இருக்கு, காத்திருக்க முடியும்"னு எழுதலாம், வீட்டுக்கும் தினமும் ஒரு வரி போகும், தனியா போறவங்களுக்கு நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். புது போன்ல சாட்டிலைட் எஸ்ஓஎஸ் வருதேன்னு அதை மட்டும் நம்பிப் போகாதீங்க, குளிர்ல போன் பேட்டரி டக்குனு செத்துடும். நாட்டுக்கு நாடு சட்டமும் வேற, இந்தியாவுல அனுமதி இல்லாம சாட்டிலைட் போன் வச்சிருக்கிறதே குற்றம், அதனால எங்க போறீங்களோ அந்த ஊர் விதியைப் பாத்துட்டு பையில போடுங்க.

ஜிஆர் 20 பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா முதல் தனிப்பயணத்துக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். கலென்சானால இருந்து கோன்கா வரைக்கும் சுமார் 180 கிமீ, 16 கட்டம். கிலோமீட்டரைப் பாத்து டிஎம்பி மாதிரின்னு நினைச்சுடாதீங்க, வடக்குப் பாதி முழுக்க பாறை, கையையும் வச்சு ஏறி இறங்கணும், சில இடத்துல சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு போகணும். ஆள் நடமாட்டம் இருக்கு, ராத்திரி விடுதி பக்கத்துலதான் கூடாரம் போட அனுமதி, அதனால அடுத்த மனுஷன் வர நேரம் குறைவுதான். பிரச்சனை என்னன்னா இங்க சறுக்குனா பிசகுறதோட நிக்காது, விழுறதுதான். 2015-ல சிர்க் டெ லா சொலிட்யூட் பகுதியில மண்சரிவுல ஏழு பேர் இறந்தாங்க, அதுக்கப்புறம் பாதையை 2,600 மீட்டருக்கு மேல போற வழியா மாத்திட்டாங்க. 2022 ஆகஸ்ட்ல அடிச்ச புயல்ல தீவுல காத்து 200 கிமீ வேகத்தைத் தாண்டிச்சு. மலைப் பாறையில நல்லா பழகினவங்களுக்கு அருமையான பாதை, மிச்சபேர் பாதியில விசாவோனா ஸ்டேஷன்ல ரயில் இருக்குங்கிறதால சுலபமான தெற்குப் பாதியை மட்டும் நடந்துட்டு வரலாம்.

மூணுக்கும் பொதுவா ஒரு விஷயம், கோடையில மத்தியானத்துக்கு மேல இடி இறங்கும், கணவாயை மதியத்துக்கு முன்னாடி தாண்டிடணும். ஆல்ப்ஸ்ல உதவி கேக்குற சைகை விசிலாவோ டார்ச்சாவோ நிமிஷத்துக்கு ஆறு தடவை, ஒரு நிமிஷம் நிறுத்தி திரும்ப ஆறு, கேட்டவங்க நிமிஷத்துக்கு மூணு தடவை பதில் தருவாங்க. விசில் பைக்குள்ள இல்லாம நெஞ்சுப் பட்டையில இருக்கணும்.

முதல் தடவை தனியா போறீங்கன்னா டிஎம்பி. அதுல நாலஞ்சு நாள் யார்கிட்டயும் கேக்காம மேப் பாத்து முடிவெடுக்க வருதுன்னா, பக்கத்துல ஏதாவது மலையில டென்ட் போட்டு ரெண்டு ராத்திரி தங்கிப் பாத்துட்டு ஜேஎம்டி. ஜேஎம்டி நடக்க வேண்டிய யோசெமிட்டி பர்மிட்டுக்கான குலுக்கல் கிளம்புற தேதிக்கு 24 வாரம் முன்னாடியே நடக்கும், டிஎம்பி விடுதிகளும் பல மாசம் முன்னாடியே நிரம்பிடும். தேதி நம்ம இஷ்டம்னா செப்டம்பர் முதல் வாரம் பாருங்க, ஆறு வத்திருக்கும், விடுதியில இடம் கிடைக்கும், ஆனா பகல் குறைஞ்சுடும், மாசம் பாதி தாண்டினா விடுதிகளும் மூட ஆரம்பிச்சுடும்.