ஜான் வேய்ன்: 'ட்ரூ கிரிட்' பார்ப்பதா, 'ரூஸ்டர் காக்பர்ன்' பார்ப்பதா?

இரண்டுமே ஹாலிவுட் நடிகர் வேய்ன் நடித்த வெஸ்டர்ன் (கௌபாய்) படங்கள். இரண்டிலும் அதே ஒற்றைக்கண் மார்ஷல்தான் (குற்றவாளிகளைப் பிடிக்கும் அரசு அதிகாரி).

கதை: 'ட்ரூ கிரிட்' (1969) தந்தையைக் கொன்றவனைத் தேடும் ஒரு பெண்ணின் பிடிவாதத்தில் நகர்கிறது. 'ரூஸ்டர் காக்பர்ன்' (1975) அரைத்த மாவையே அரைக்கிறது; வில்லன்களும் மனதில் நிற்கவில்லை.

நடிப்பு: முதல் படத்தில் கடிவாளத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கையிலும் துப்பாக்கியோடு நான்கு பேரை நோக்கிக் குதிரையில் பாய்வார் வேய்ன். ஆஸ்கர் வாங்கித் தந்த வேடம். இரண்டாவதில் துணைக்கு நடிகை கேத்தரின் ஹெப்பர்ன். இருவரும் 1907 மே மாதம் பிறந்தவர்கள், சேர்ந்து நடித்த ஒரே படம் இது. தெப்பத்தில் ஆற்றோடு போகும்போது அவர்கள் மல்லுக்கட்டுவதைக் கேட்பதற்காகவே உட்காரலாம். சுமாரான படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பேச்சுதான்.

நீளம்: முதலாவது சுமார் 20 நிமிடம் அதிகம்.

வெஸ்டர்ன் புதிது என்றால் 'ட்ரூ கிரிட்'. அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று, ஹெப்பர்னையும் பிடிக்கும் என்றால், சரி, மற்றதைத் தாராளமாகப் போடுங்கள்.