விமானத் தூரம்: நூல் பிடித்துப் பார்த்தேன்

மகள் இருப்பது சான் பிரான்சிஸ்கோவில். டிசம்பரில் பிரசவம் என்றதும் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். "ஏங்க, எத்தனை மணி நேரம் உட்காரணும்?" என்று வீட்டுக்காரி நச்சரித்ததில், மகன் என் போனில் ஓர் இலவசத் தளத்தைத் திறந்து கொடுத்தான். இரண்டு ஏர்போர்ட் பெயரை அடித்தால் தூரமும் நேரமும் வந்துவிடும்.

முதல் தடவையே கோளாறு. சேலம் என்று அடித்தேன். சுமார் 800 கிலோமீட்டராம், ஒன்றரை மணி நேரமாம்! அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, தளம் அதைப் பிடித்துக்கொண்டது. நம்ம சேலம் ஏர்போர்ட்டான காமலாபுரம் அதற்குக் கீழே எஸ்எக்ஸ்வி என்ற குறியீட்டோடு கிடந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏது? பெங்களூரு என்று மாற்றினேன். 13,990 கிலோமீட்டர், 17 மணி நேரம்.

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் நான். காலில் நூலைச் சுற்றிப் பார்க்காமல் எந்த அளவையும் நம்பியதில்லை. பேரனின் 12 அங்குல உலக உருண்டையை எடுத்து, பெங்களூரில் நூலின் ஒரு நுனியை வைத்து, பசிபிக் கடல் வழியாக மறு நுனியைக் கொண்டுபோனேன். நூல் தொய்ந்தது. இறுக்க இறுக்க வடக்கே வழுக்கி, திபெத், சைபீரியா, அலாஸ்கா மேல் போய்த்தான் விறைப்பாக நின்றது. அளந்தால் 13 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. உருண்டையின் சுற்றளவு கிட்டத்தட்ட 38 அங்குலம், பூமியினுடையது 40,000 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 14,000 வருகிறது. தூரத்தில் தளம் பொய் சொல்லவில்லை.

நேரம்தான் இடிக்கிறது. போக, வர ஒரே நேரத்தைக் காட்டுகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. அதன் முதுகில் ஏறிப் போக விமானம் சுற்றுவழியைக்கூடப் பிடிக்கும். நாங்கள் போனபோது சீட் திரையில் பார்த்தேன், நூல் போன வழியே இல்லை, ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டினோம். 16 மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். திரும்பும்போது 17 தாண்டியது.

கடிகார வித்தியாசத்தையும் தளம் சொல்வதில்லை. மதியம் 2.30க்குக் கிளம்பி அதே நாள் சாயங்காலம் 5 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது. "இரண்டரை மணி நேரம்தானா!" என்று பக்கத்து வீட்டம்மா வாயைப் பிளந்தார். அங்கே டிசம்பரில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால்.

அப்புறம், பெங்களூரு ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேர்வது யார் கணக்கு? விடியற்காலை 4 மணிக்கே கார் ஏறினோம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்து முக்கால் மணி நேரம் போனது. சரி, அதற்குத் தளத்தைத் திட்ட முடியாது.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஆரிகன்காரனைக் கீழே இறக்கி நம்ம சேலத்தை மேலே வைத்தால் நாலு.