அமெரிக்க விவசாயத்துறையோட பிளான்ட்ஸ் டேட்டாபேஸ்: யூஸ் பண்ணலாமா?

யூஎஸ்டிஏ பிளான்ட்ஸ் டேட்டாபேஸ் ஃப்ரீதான். யூஎஸ்லயும் அதோட டெரிட்டரிகள்லயும் இருக்கற செடி, மாஸ் (ஈரமான இடத்துல வளர்ற பாசி), லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழறது) வரைக்கும் எல்லாத்தோட தகவலும் ஒரே இடத்துல கிடைக்குது. எனக்கு ரொம்ப பிடிச்சது ஒவ்வொரு செடிக்கும் சுருக்கமா ஒரு குறியீடு தர்ற சிம்பல் சிஸ்டம், அறிவியல் பேர்ல முதல் வார்த்தையோட முதல் ரெண்டு எழுத்து, ரெண்டாவது வார்த்தையோட முதல் ரெண்டு எழுத்து, ரெண்டு செடிக்கு ஒரே குறியீடு வந்து மோதிக்கிட்டா பின்னாடி ஒரு நம்பர், அவ்ளோதான். சில்வர் மேப்பிள் ஏசிஎஸ்ஏ2, சுகர் மேப்பிள் ஏசிஎஸ்ஏ3, ஒரு நம்பர் மாத்தி எழுதினா மரமே மாறிடும், ஃபீல்டுல அவசரமா எழுதறவங்க கொஞ்சம் உஷாரா இருங்க!

பழைய அறிவியல் பேரைப் போட்டாலும் இப்போ ஏத்துக்கிட்ட பேருக்கு கூட்டிட்டுப் போயிடும், இதுக்குப் பின்னாடி எவ்ளோ வேலை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு செடிக்கு ஆளாளுக்கு ஒரு பேர் வச்சிருப்பாங்க, அதையெல்லாம் யாராவது உக்காந்து கோர்த்தாதானே ஆகும். வகைப்பாடு மாறிட்டே இருக்கறதால அந்த வேலை முடியவே முடியாது, அதனால சில இடத்துல புதுப் பேர் லேட்டா வரும், அது ஓகே.

கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வாரியா மேப் இருக்கு, சொந்த ஊர் செடியா வெளியிலேருந்து வந்ததான்னு கலர்லயே தெரியும். ஆனா ஒரு கவுண்டி காலியா இருந்தா அங்க அந்தச் செடி இல்லைன்னு அர்த்தமில்ல, பதிவு வரலைன்னுகூட இருக்கலாம். போட்டோ சில செடிக்கு நிறைய, சிலதுக்கு ஒண்ணுமே இல்ல. பேர் தெரியாத செடியைக் கண்டுபிடிக்கணும்னா வேற ஆப் பாருங்க, பேர் தெரிஞ்சப்புறம் இங்க வாங்க.