4ஜி ஸ்டிக்கர் ஒட்டிய டாங்கிளுக்கு 3,450 ரூபாய் அழுதேன்: லினக்ஸ்காரர்களே, உஷார்

கடையிலிருந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்தான் ஆகிறது, கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,450 ரூபாய். சிம் போட்டு லேப்டாப்பில் செருகினால் நெட் தரும் டாங்கிளுக்கு 2,250, “லினக்ஸ் செட்டிங்” என்று தனியாக 1,200. பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய் என்று டைப் அடித்துப் பிழைக்கிறவன் நான், 230 பக்கம் அடித்தால்தான் அந்தக் காசு.

போன் ஹாட்ஸ்பாட் போதாதா என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட் போன் மனைவியோடு காலை எட்டரை பஸ்ஸில் கிளம்பிவிடும், என்னிடம் இருப்பது பட்டன் போன். எங்கள் தெருவுக்கு ஃபைபரும் வரவில்லை. லேப்டாப் பழசு, விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்று மூன்று வருடமாக அதற்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளம்தான் ஓட்டுகிறேன். சரி, சிம் போடும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிவிடலாம் என்று ஜியோ சிம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். சார்ஜர், மவுஸ், பிரிண்டர் மை, லேப்டாப் சர்வீஸ் எல்லாம் ஒரே இடத்தில் செய்கிற ரகம். “லினக்ஸ்ல ஓடுமா?” என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எல்லாக் கடையிலும் ஒரே முழிதான் கிடைக்கும். இந்தப் பையன் சிரித்தான். “நானே உபுண்டுதாண்ணே வச்சிருக்கேன்” என்றான். உபுண்டுவும் லினக்ஸில் ஒரு வகைதான். அவன் மானிட்டர் ஓரத்தில் லினக்ஸ் சின்னமான பென்குயின் படம் வேறு. என் லேப்டாப்பை வாங்கி, மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்தான். அங்கேதான் விழுந்தேன். நம் ஊரில் நம்மைப் போல ஒருத்தன் என்று மனசு குளிர்ந்துவிட்டது, பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டேன். “டிரைவர் ஏத்தணும், கர்னல்ல மாட்யூல் சேர்க்கணும், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கண்ணே” என்றான். டீ குடித்துவிட்டு வந்தால் டாங்கிளில் விளக்கு மினுக்குகிறது, திரையில் செய்தித் தளம் படபடவென்று திறக்கிறது. 3,450 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ஒரு வெள்ளைச் சீட்டில் தொகையை எழுதித் தந்தான்.

வீட்டில் செருகினால் டெஸ்க்டாப்பில் ஒரு சிடி படம்தான் வருகிறது. இது எனக்குத் தெரிந்த கதை. இந்த வகை டாங்கிள்கள் முதலில் தங்களை சிடி டிரைவ் என்றே காட்டிக்கொள்ளும், உள்ளே விண்டோஸுக்கான டிரைவர் இருக்கும். அதை மோடமாக மாற்றிவிட யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் வேண்டும். ராத்திரி மனைவி போனின் நெட்டை டெதரிங்கில் லேப்டாப்புக்கு எடுத்து அதை நிறுவினேன். மோடம் வந்தது, நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் பிராட்பேண்டும் வந்தது. சிம் கம்பெனியின் நெட் வாசல் பெயரைக் கேட்கும் ஏபிஎன் இடத்தில் ஜியோநெட் என்று போட்டேன். தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது.

(அப்போதே ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: மோட்ஸ்விட்சே இல்லாத மெஷினில் கடையில் மட்டும் எப்படி நெட் ஓடியது? வரவில்லையே.)

ஒன்பது நாள். முதல் தடவை போனபோது “லினக்ஸ்ல அப்படித்தாண்ணே, ரெண்டு நாள்ல டவர் பிடிச்சிரும்” என்றான். டவர் பிடிக்க இது என்ன மீனா? இரண்டாம் தடவை, “சிம்மை மாத்திப் பாருங்க, ஓனர் மதுரைக்குப் போயிருக்காரு.” மனைவி போனிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. இதில் என்னை எனக்கே பிடிக்காத விஷயம், நானும் அவன் சொன்னதை நம்பினேன். லினக்ஸ் ஓட்டுகிறவனுக்கு எது ஓடாவிட்டாலும் தன் செட்டிங்கில்தான் தப்பு என்று நினைக்கிற வியாதி உண்டு. மோடத்தைக் கவனிக்கும் மோடம் மேனேஜர் நிரலைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், மோடத்தில் டயல் செய்யும் டபிள்யுவிடயல் நிரலைப் போட்டேன், லினக்ஸின் மையமான கர்னலின் பழைய பதிப்பில் பூட் செய்தேன், யுஎஸ்பி ஓட்டையை மாற்றினேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

நேற்று ராத்திரி பெங்களூரில் இருக்கும் கூட்டாளியிடம் புலம்பினேன். “மாப்ள, எம்எம்சிஎல்ஐ மைனஸ் எம் 0 அடிச்சு வர்றத முழுசா படி” என்றான். படித்தேன். அது மோடத்தின் விவரத்தைக் காட்டும் கட்டளை. திறன் என்ற இடத்தில் ஜிஎஸ்எம்-யுஎம்டிஎஸ் என்று மட்டும் இருக்கிறது, 4ஜியைக் குறிக்கும் எல்டிஇ என்ற சொல்லே கிடையாது. அதாவது 2ஜி, 3ஜி, அவ்வளவுதான். ஜியோ 2016இல் வந்தபோதே 4ஜி மட்டும்தான், 3ஜி டாங்கிள் ஆயுள் முழுக்கத் தேடினாலும் அதற்கு டவர் தெரியாது. டாங்கிள் மேல் இருந்த “4ஜி 150 எம்பிபிஎஸ்” ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். அடியில் அச்சில் இருந்தது: 7.2 எம்பிபிஎஸ். சுத்தமான பழைய 3ஜி டேட்டா கார்டு.

அப்போ கடையில் திறந்த அந்தச் செய்தித் தளம்? சேமித்த வைஃபை பட்டியலைப் பார்த்தேன், கடை வைஃபை பெயர் அதில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டாங்கிளில் விளக்கை எரியவிட்டு வைஃபையில் படம் காட்டியிருக்கிறான். டெர்மினல் ஹிஸ்டரியில் அவன் அடித்தது இரண்டே வரி, ஒன்று நிரல் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட், இன்னொன்று செருகியிருக்கும் யுஎஸ்பி பொருள்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி. வரிக்கு 600 ரூபாய்!

இன்று காலை உரித்த ஸ்டிக்கரோடு போய் நின்றேன். ஓனர் இருந்தார். “ஸ்டிக்கர் கம்பெனியில ஒட்டி வந்தது, எங்களுக்கென்ன தெரியும்?” “எலக்ட்ரானிக்ஸ் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது, போர்டு பாக்கலையா?” “பில் இருக்கா?” அந்த வெள்ளைச் சீட்டை நீட்டினால், இதில் எங்கள் கடைப் பெயரே இல்லையே என்கிறார். இல்லைதான். பையன் என் முகத்தைப் பார்க்காமல், “விண்டோஸ் போட்டுக்கங்கண்ணே, 500 ரூபா, சரியாயிரும்” என்றான். எல்டிஇ இல்லாத மோடத்துக்கு விண்டோஸ் போட்டால் எல்டிஇ முளைத்துவிடுமா? வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டு வந்தேன். 3,450 வரவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குத் தெம்பு இல்லை. கடையில் காட்டும்போது வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள், உங்கள் சிம்மைப் போட்டுத்தான் காட்டச் சொல்லுங்கள். எம்எம்சிஎல்ஐ விவரத்தில் எல்டிஇ இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். சில 4ஜி டாங்கிள்கள் மோடமாக வராமல் யுஎஸ்பி நெட்வொர்க் கார்டு போல வரும், அந்தப் பட்டியலில் காட்டாது, அதற்குப் பயந்து நல்ல பொருளை விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் நகராதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் கையில் பில் இல்லாமல் எதை வைத்துப் பேசுவது?

டாங்கிளின் ஓரத்தில் மெமரி கார்டு போடும் ஓட்டை ஒன்று இருக்கிறது, அது மட்டும் லினக்ஸில் அருமையாக வேலை செய்கிறது. மனைவிக்கு இன்னும் 1,200 கதை தெரியாது, வெறும் 2,250 என்றுதான் சொல்லியிருக்கிறேன். எட்டு மணிக்கு வந்துவிடுவாள்.